ரத்தம் கொடுத்தவர் எந்தத் தரப்பு?

(காஞ்சிபுரத்தை அடுத்த முசரவாக்கத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மரபணுத் தரவும் சட்டமும் என்று தலைப்பு கொடுத்தபோது அமைப்பாளர்களில் ஒருவர் தயங்கினார். முசரவாக்கத்தில் இதை யார் உட்கார்ந்து கேட்பார்கள், டெல்லியிலும் பெங்களூரிலும் பேச வேண்டியதல்லவா என்றார். ஆய்வு அங்கேதான் நடக்கிறது. ஆனால் அதற்கான ரத்தம் ஊர்களிலிருந்து போகிறது. கொடுத்த இடத்தில் பேசாமல் வாங்கிய இடத்தில் மட்டும் பேசிக்கொண்டிருப்பதுதான் இந்த விஷயத்தில் இதுவரை நடந்திருக்கும் தவறு என்பது என் எண்ணம். அதனால் தலைப்பை மாற்றவில்லை.

போன ரத்தம் என்ன ஆகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். ஜீனோம் இந்தியா என்று ஒரு திட்டம். ஒன்றிய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2020 ஜனவரியில் இதற்கு அனுமதி கொடுத்தது. 20 ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து நாடெங்கும் ஏறத்தாழ 20,000 பேரிடம் ரத்தம் சேகரித்தன. பெங்களூர் இந்திய அறிவியல் கழக வளாகத்தில் இருக்கும் மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைத்தது. அவர்களில் 10,074 பேரின் மரபணுத்தொகுதி முழுவதும் எழுத்தெழுத்தாகப் படிக்கப்பட்டது. ஒருவருடையது மட்டுமே சுமார் 300 கோடி எழுத்து. 2025 ஏப்ரலில் ‘நேச்சர் ஜெனெடிக்ஸ்’ இதழில் முதல் கட்ட முடிவு வந்தது. 9,772 பேரை ஒப்பிட்டதில் 18 கோடி இடங்களில் மனிதருக்கு மனிதர் வேறுபாடு இருந்தது. படித்ததெல்லாம் டெல்லிக்குப் பக்கத்தில் ஃபரீதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்த மையம் 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு நம் ஆய்வாளர்கள் இத்தகைய தரவைப் போட்டு வைக்க அமெரிக்கக் கிடங்கையோ ஐரோப்பியக் கிடங்கையோதான் நாட வேண்டியிருந்தது.

2025 ஜனவரி 9 அன்று இந்தக் கிடங்கின் கதவு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. தரவுப் பரிமாற்றத்துக்கென ‘ஃபீட்’ என்ற பெயரில் விதிமுறைத் தொகுப்பு ஒன்றும் அன்றே வெளியானது. 2021 ஜூலையில் வந்த ‘பயோடெக் பிரைடு’ வழிகாட்டு நெறிமுறைகள் இதற்கு முன்னோடி. பொதுப் பணத்தில் உருவான உயிரியல் தரவைப் பூட்டி வைக்கக் கூடாது, பகிர வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரிப் பகிரக் கூடாது என்பது அதன் சாரம். சிலது எல்லோருக்கும் திறந்தது, சிலது கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. மனித மரபணுத் தரவு இரண்டாவது வகை. அதை ‘நிர்வகிக்கப்பட்ட அணுகல்’ என்கிறார்கள்.

நிர்வகிப்பது எப்படி? உலகெங்கும் இதற்கு ஏறக்குறைய ஒரே முறைதான். ஆய்வாளர் தன் நிறுவனத்தின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். என்ன கேள்விக்கு விடை தேடுகிறேன், எந்தத் தரவு வேண்டும், எங்கே வைத்துப் பார்ப்பேன் என்று எழுத வேண்டும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். கிடங்கின் தரவு அணுகல் குழு அதைப் பரிசீலிக்கும். பிறகு ஓர் ஒப்பந்தம்: சொன்ன காரியத்துக்கு மட்டும் பயன்படுத்துவேன், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன், தரவுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று கண்டுபிடிக்க முயல மாட்டேன். வெளிநாட்டுக் கூட்டு என்றால் நம் சுகாதார அமைச்சகத்தின் தேர்வுக் குழுவிடமும் போக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். குறை சொல்ல நான் வரவில்லை. ஒரு சட்டக்காரன் இந்தக் காகிதங்களைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வியை மட்டும் கேட்கிறேன்: ஒப்பந்தத்தில் தரப்புகள் யார் யார்?

கிடங்கு ஒரு தரப்பு. ஆய்வாளரின் நிறுவனம் மறு தரப்பு. ரத்தம் கொடுத்தவர்?

அவர் அதில் இல்லை. அவர் கையெழுத்துப் போட்டது வேறொரு தாளில், வேறொருவரிடம், சில ஆண்டுகளுக்கு முன்பு. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்கீழ் நம் நீதிமன்றங்கள் நீண்ட காலமாகச் சொல்லிவரும் கோட்பாடு ஒன்று உண்டு. ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாதவர் அதை மீறியதற்காக வழக்குத் தொடர முடியாது. எம்.சி. சாக்கோ வழக்கில் 1969-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே நாளை ஓர் ஆய்வாளர் ஒப்பந்தத்தை மீறி, தரவை ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடங்கு அவர்மீது நடவடிக்கை எடுக்கலாம். எடுக்காமலும் விடலாம். அதைக் கேட்க, அந்த ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ரத்தம் கொடுத்தவர் நீதிமன்றப் படி ஏற முடியாது. ‘பிரைடு’, ‘ஃபீட்’, மருத்துவக் குழும நெறிமுறை எதுவும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. மீறினால் நிதி நிற்கும், பெயர் கெடும், இனி தரவு கிடைக்காது. அதற்கு மேல் இல்லை.

2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று மாணவர்கள் கேட்பீர்கள். இருக்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் கொடுத்த வரைவிலும், 2019-இல் நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதாவிலும் மரபணுத் தரவு ‘உணர்வுபூர்வமான தனிநபர் தரவு’ என்று தனியாகப் பட்டியலிடப்பட்டிருந்தது. கடைசியில் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகையே இல்லை. உங்கள் செல்பேசி எண்ணுக்கும் உங்கள் 300 கோடி எழுத்துக்கும் சட்டத்தின் பார்வையில் ஒரே தட்டு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் மரபணுத் தரவைத் தனி வகையாகவே வைத்திருக்கிறது.

இந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஆய்வுக்கு ஒரு விலக்கு இருக்கிறது. ஆராய்ச்சிக்காகத் தரவைக் கையாண்டால் சட்டம் பொருந்தாது. இரண்டு நிபந்தனை மட்டும். வகுத்த தரநெறிகளைப் பின்பற்ற வேண்டும். குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றிய முடிவு எதையும் அந்தத் தரவைக் கொண்டு எடுக்கக் கூடாது. இந்த இரண்டாவது நிபந்தனையை நினைவில் வையுங்கள். ‘குறிப்பிட்ட ஒரு நபர்’. திரும்ப வருகிறேன்.

அபராதம் பற்றியும் ஒரு வார்த்தை. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு பெற்றுத்தர தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. அதை எடுத்துவிடவும் இதே சட்டம் வழிசெய்திருக்கிறது. வீடு எரிந்தால் தண்டத்தை அரசாங்கம் வாங்கிக்கொள்ளும், வீட்டுக்காரருக்கு ஒன்றுமில்லை.

இனி நம் பக்கத்து விஷயத்துக்கு வருகிறேன். மரபணுத் தரவில் பெயரை எடுத்துவிட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். 2013-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெயர் நீக்கித் திறந்த வெளியில் வைக்கப்பட்டிருந்த மரபணுத் தரவில் ஆண்களின் ஒய் குரோமோசோமை எடுத்து, வம்சாவளி இணையதளங்களில் ஒப்பிட்டு, குடும்பப் பெயரைக் கண்டுபிடித்து, வயதையும் மாநிலத்தையும் சேர்த்து, ஏறத்தாழ 50 பேரை யாரென்று சொல்லிவிட்டார்கள். தந்தை வழியில் குடும்பப் பெயரும் இறங்குகிறது, ஒய் குரோமோசோமும் இறங்குகிறது. இரண்டையும் பொருத்திவிட்டார்கள், அவ்வளவுதான்.

தமிழர்களிடம் இது பலிக்காது என்று ஒரு நண்பர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அவர் சொன்னது சரி. ஆனால் அந்த வேலையை நம்மிடம் வேறொன்று செய்கிறது. நாம் சாதிக்குள்ளேயே கட்டிக்கொள்கிறோம். சாதிக்குள்ளும் உட்பிரிவுக்குள், பல இடங்களில் நாலைந்து ஊர்களுக்குள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆர்.எம். பிச்சப்பன் தலைமையில் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. உலகளாவிய ஜீனோகிராஃபிக் திட்டத்தின் பகுதி அது. தமிழ்நாட்டில் 12 பழங்குடிக் குழுக்களும் மற்ற 19 சமூகங்களும். மொத்தம் 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்கள். அவரவர் பிழைப்பு முறையைச் சார்ந்து குழுக்களுக்கிடையே தெளிவான வேறுபாடு இருக்கிறது, அந்தப் பிரிவினை சாதி முறைக்கும் முந்தையது என்று அந்த ஆய்வு சொன்னது. சாதியின் வயது பற்றிய விவாதத்துக்கு நான் வரவில்லை. ரத்தத்தில் குழுவின் தடயம் தெரிகிறது என்பதுதான் சட்டக்காரனின் காதில் விழுகிறது.

ஒரு கற்பனை. ஆண், வயது 62, காஞ்சிபுரம் மாவட்டம், இன்ன சமூகம், சர்க்கரை நோய் உண்டு. பெயர் இல்லை, கதவு எண் இல்லை. இந்த ஐந்தும் பொருந்துகிறவர்கள் ஒரு பஞ்சாயத்தில் எத்தனை பேர் தேறுவார்கள்? சமூகம் சிறியதாக இருந்தால் டீக்கடையில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம்.

அறிவியலாளர்களுக்கு இது தெரியாததல்ல. 2008-இல் வெளியான இந்திய மரபணு வேறுபாட்டு ஆய்வில் 55 சமூகங்களைச் சேர்ந்த 1,871 பேர் இருந்தார்கள். அதில் சமூகப் பெயர்களை எடுத்துவிட்டு மொழிக்குடும்பம், திசை என்று குறியீடு வைத்தார்கள். எந்தச் சட்டமும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தாங்களாகவே செய்தார்கள். அவர்களைப் பாராட்ட வேண்டும். எல்லோரும் எப்போதும் அப்படியே நடப்பார்கள் என்று நம்பி இருந்துவிட முடியாது.

அடுத்தது உறவு. உடன்பிறந்தவர்களிடம் மரபணுவில் சராசரியாகப் பாதி பொது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் கால் பங்கு. மாமன் மகன், அத்தை மகளுக்கு எட்டில் ஒன்று. இது உலகில் எங்கும் உள்ள கணக்கு. தமிழ்நாட்டில் அதற்கு மேல் ஒரு கணக்கு இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், நூற்றில் சுமார் 28 பெண்களின் திருமணம் சொந்தத்துக்குள் நடந்தது. நாட்டிலேயே இது மிக அதிகம். சொந்தத்துக்குள் சொந்தமாகப் பின்னிய குடும்பத்தில் ஒருவர் தன் மரபணுவைக் கொடுத்தால், அந்த வீட்டு மருமகளுடையதில் ஒரு பகுதியும் கூடவே போகிறது, ஏனென்றால் அவள் அவருடைய அக்கா மகள். கையெழுத்து ஒருவருடையது. விவரம் பத்துப் பேருடையது. ஒப்புதல் படிவத்தில் அந்த ஒன்பது பேருக்கு இடமில்லை.

ஐஸ்லாந்தில் இது நீதிமன்றம் வரை போனது. 1998-இல் அந்த நாடு மக்கள் அனைவரின் மருத்துவப் பதிவுகளையும் ஒரே கிடங்கில் சேர்க்கச் சட்டம் இயற்றியது. டிகோட் என்ற நிறுவனம் அதை வைத்து மரபணு ஆய்வு செய்வதாக ஏற்பாடு. இறந்துபோன தன் தந்தையின் பதிவுகளை அதில் ஏற்றக் கூடாது என்று ஒரு பெண் வழக்குப் போட்டார். இறந்தவருக்காக மகள் எப்படிக் கேட்கலாம் என்றார்கள். தந்தையின் பதிவிலிருந்து மகளைப் பற்றியும் ஊகிக்க முடியும், ஆகவே அது மகளின் அந்தரங்கமும்கூட என்று 2003 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. உறவுக்கு வழக்காடும் உரிமை உண்டு என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது எனக்குத் தெரிந்து அரிது. நம் நாட்டில் 2017-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த உரிமையும் தனி ஒருவருடையதுதான்.

இதனால் என்ன தீங்கு வந்துவிடும், யாருக்கு நம் மரபணு வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு உதாரணம்.

ஒன்று நன்மைக்கான உதாரணம். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவர் தசையைத் தளர்த்த ஒரு மருந்து கொடுப்பார். ரத்தத்தில் உள்ள ஒரு நொதி அதைச் சில நிமிடத்தில் உடைத்துவிடும். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு மருந்து மணிக்கணக்கில் நீடிக்கும். தானாக மூச்சுவிட முடியாது. தென்னிந்தியாவில் வைசிய சமூகத்தில் இந்தக் குறைபாடு மற்றவர்களைவிட அதிகம். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பூபதியும் சகாக்களும் 2006-இல் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். நூறு தலைமுறைக்கும் மேலாகத் தமக்குள்ளேயே மணந்துகொண்டதன் விளைவு. இன்று மயக்க மருத்துவர் சமூகத்தைக் கேட்டால் கோபப்படாதீர்கள். அந்தக் கேள்வி உயிரைக் காப்பாற்றுகிறது. ஒரு சமூகத்தைப் பற்றிய மரபணு அறிவு அந்தச் சமூகத்துக்கே பயன்படுவது இப்படித்தான்.

இன்னொன்று இதயம் பற்றியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தண்டபாணியும், ஹைதராபாத் செல் உயிரியல் மையத்தின் தங்கராஜும் பிறரும் 2009-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்து விடுபட்டுப்போன மாற்றம், இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது. அவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு கூடுதல். சரி, நான்கு சதவீதம் என்பது சராசரி. சில சமூகங்களில் அது கூடுதலாக இருக்கும், சிலவற்றில் இருக்காது. இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கரை நினைத்துப் பாருங்கள். நெசவாளர்களுக்கான குழுக் காப்பீடு எப்படி இயங்குகிறது என்று இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கணக்கருக்கு உங்கள் பெயர் தேவையே இல்லை. இந்த ஊரில், இந்தச் சமூகத்தில், இந்த மாற்றம் இத்தனை சதவீதம் என்ற ஒற்றை எண் போதும். குழுவின் பிரீமியத்தை ஏற்றிவிடலாம். 17-ஆம் பிரிவில் நினைவில் வைக்கச் சொன்னேனே, ‘குறிப்பிட்ட ஒரு நபரைப் பற்றிய முடிவு’ என்று. இது ஒரு நபரைப் பற்றிய முடிவே இல்லை. சட்டம் மீறப்படவும் இல்லை.

காப்பீட்டில் இது வெறும் அச்சம் என்று சொல்லிவிட முடியாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ், இதயத் தசை தடிக்கும் நோயுள்ள ஒருவருக்கு, அது மரபணு நோய் என்று சொல்லி மருத்துவச் செலவைத் தர மறுத்தது. 2018 பிப்ரவரியில் டெல்லி உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா எம். சிங், மரபணு நோய் என்று பொதுவாகச் சொல்லி விலக்குவது அரசமைப்பின் 14-ஆம் உறுப்புக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பின் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தது. அமெரிக்காவில் மரபணுவைக் காட்டி வேலையிலும் மருத்துவக் காப்பீட்டிலும் பாகுபாடு செய்வதைத் தடுக்க 2008 முதல் சட்டம் இருக்கிறது. கனடாவில் 2017 முதல். இந்தியாவில் இல்லை.

இந்த இடத்தில் ஒரு முரணைச் சொல்லாமல் போக முடியாது. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் என்று ஒன்று உண்டு. அதன் தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனம் நம் வேம்பையோ ஆட்டையோ நுண்ணுயிரையோ ஆய்வுக்கு எடுக்க வேண்டுமானால் ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். கிடைக்கும் பயனில் உள்ளூர் மக்களுக்குப் பங்கு உண்டு. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். முடிவெடுக்கும்போது ஆணையம் அதைக் கலந்தாலோசிக்க வேண்டும். முசரவாக்கம் ஊராட்சிக்கும் அது பொருந்தும். இவ்வளவும் சொன்ன அதே சட்டம், உயிரியல் வளம் என்பதன் வரையறையில் மனித மரபணுப் பொருள் சேராது என்று எழுதிவிட்டது. மனிதனைச் சரக்காக்கக் கூடாது என்ற நல்ல நோக்கம் அதில் இருக்கலாம். விளைவைப் பாருங்கள். இந்த ஊர் ஆட்டின் மரபணுவைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஊருக்குச் சட்டப்படி குழு உண்டு. ஆடு மேய்ப்பவரின் மரபணுவைப் பற்றிச் சொல்ல இல்லை. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்து சுமார் இருபது ஆண்டு ஆகிறது. வேறெங்கோ நெய்ததை அந்தப் பெயரில் விற்றால் வழக்குப் போடலாம்; நெய்தவரின் மரபணுவுக்கு அப்படி ஒரு வழக்கு இல்லை.

அதற்காகக் கதவை மூடிவிடலாமா? கூடாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2015-இல் முடிந்த ‘ஆயிரம் மரபணுத்தொகுதி’த் திட்டத்தில் 26 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 2,504 பேர் இருந்தார்கள். யாரும் விண்ணப்பிக்க வேண்டாம், எவரும் பதிவிறக்கிக்கொள்ளலாம். அதில் தமிழர்கள் உண்டு: பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள் 102 பேர். தமிழ்நாட்டு நோயாளியின் மரபணுவில் ஒரு விநோதமான மாற்றத்தைப் பார்க்கும் மருத்துவருக்கு, இது நம் மக்களிடம் சகஜமானதா, நோய்க்குக் காரணமா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டும். பல ஆண்டுகளாக அவருக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்தவர்கள் அந்த 102 பேர்தான். ஒப்பிட ஆள் இல்லாமல் சகஜமான ஒன்றை நோய் என்று சொல்லிவிடுவதும், நோயைச் சகஜம் என்று விட்டுவிடுவதும் நடக்கும்.

2021 ஏப்ரலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கொரோனா இரண்டாம் அலையில் சுடுகாடுகளில் இடமில்லாமல் இருந்த நேரத்தில், நூற்றுக்கணக்கான இந்திய அறிவியலாளர்கள் சேர்ந்து பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்தார்கள். அவர்கள் பணம் கேட்கவில்லை. தொற்றுப் பரிசோதனைகளைப் பற்றியும் வைரஸ் வரிசையைப் பற்றியும் அரசிடம் குவிந்து கிடந்த தரவைக் கேட்டார்கள். நம் அரசு சேகரித்த தரவை நம் அறிவியலாளர்களே கெஞ்சிக் கேட்கும் நிலை. பூட்டு எப்போதும் மக்களைக் காப்பதில்லை; பல நேரம் அதிகாரியைக் காக்கிறது.

நல்ல திசையிலும் சில நடக்கின்றன. 2025 பிப்ரவரியில் சென்னை ஐ.ஐ.டி. இந்தியப் புற்றுநோய் மரபணுத் தரவுத்தளம் ஒன்றைத் தொடங்கி, மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரிடமிருந்து கிடைத்த தரவை அடையாளம் நீக்கி ஆய்வாளர்களுக்குத் திறந்து வைத்தது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்கு வரும் பெண்ணுக்கு இதில் நேரடிப் பயன் கிடைக்க நாளாகலாம். ஆனாலும் மேற்கத்தியப் பெண்களின் கட்டியை வைத்து எழுதிய மருத்துவம் நம் பெண்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்று பார்க்க வேறு வழியில்லை.

ஆகவே கதவு திறந்திருக்க வேண்டும். கதவருகே ரத்தம் கொடுத்தவருக்கும் ஓர் இடம் வேண்டும். எப்படி என்று கேட்டால், விடை இந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான ஒரு சட்டத்தில் இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் கோயில் சொத்து வழக்கு என்றால் யாருக்கும் அதிசயமில்லை. 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையத்துறைச் சட்டத்தில் ‘அக்கறையுள்ள நபர்’ என்று ஒரு வரையறை இருக்கிறது. கோயிலில் வழிபட உரிமையுள்ளவர், வழக்கமாக வழிபட வருபவர், அவர் அக்கறையுள்ள நபர். அவர் கோயிலுக்கு நிலம் கொடுத்திருக்க வேண்டியதில்லை, நகை கொடுத்திருக்க வேண்டியதில்லை. கும்பிட வருகிறார் என்பதே போதும்; முறைகேட்டைச் சுட்டிக்காட்ட அவருக்குத் தகுதி உண்டு. பொது அறக்கட்டளைகளுக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவு இருக்கிறது. அக்கறையுள்ள இருவர் சேர்ந்து, நீதிமன்ற அனுமதியோடு, கணக்குக் கேட்டு வழக்குப் போடலாம். நான் முன்பு சொன்ன ஒப்பந்தக் கோட்பாட்டுக்கு உள்ள விதிவிலக்குகளில் ஒன்று இது: தரப்பாக இல்லாவிட்டாலும், அறக்கட்டளையின் பயனாளி வழக்காடலாம்.

மரபணுக் கிடங்கையும் இப்படி ஒரு பொது அறக்கட்டளையாகச் சட்டத்தில் வரையறுத்துவிட வேண்டும் என்பதே என் வாதம். யோசனை புதிதல்ல, அமெரிக்காவில் 2003-லேயே ரத்த, திசு வங்கிகளை அறக்கட்டளை வடிவில் அமைக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். நமக்கு இதில் கூடுதல் வசதி, அறக்கட்டளைச் சட்டம் இங்கே மக்களின் பழக்கத்தில் ஊறியிருக்கிறது. தரவு யாருடைய சொத்தும் அல்ல. ஆய்வாளர் எடுத்துப் பயன்படுத்தலாம். கிடங்கின் பொறுப்பாளர் தர்மகர்த்தா. ரத்தம் கொடுத்தவரும் அவருடைய உறவும் சமூகமும் அக்கறையுள்ள நபர்கள்.

இப்படி வைத்தால் மற்றவை தாமாக வரும். அணுகல் குழுவில் ரத்தம் கொடுத்தவர்கள் சார்பில் ஆட்கள் இருக்க வேண்டும். இது நடக்காத காரியம் அல்ல. ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் புற்றுநோய்ச் செல்கள் 1951 முதல் அவருக்கோ குடும்பத்துக்கோ தெரியாமல் உலக ஆய்வகங்களில் வளர்க்கப்பட்டன. 2013-இல் அந்தச் செல்லின் மரபணுத்தொகுதியையும் யாரையும் கேட்காமல் வெளியிட்டார்கள். எதிர்ப்பு வந்த பிறகு, அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் அந்தத் தரவைக் கட்டுப்பாட்டுக்குள் வைத்து, விண்ணப்பங்களைப் பார்க்கும் குழுவில் அவருடைய குடும்பத்தார் இருவரைச் சேர்த்தது. ஒரு குடும்பத்துக்கு முடிந்தது, ஜீனோம் இந்தியாவுக்கு ரத்தம் கொடுத்த 83 சமூகங்களுக்கு ஏன் முடியாது?

குழுவினருக்குக் கால வரம்பு வேண்டும், கணக்குக் காட்டும் கடமை வேண்டும். உத்திரமேரூரைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தில் எந்தக் கூட்டமும் முடிவதில்லை, நானும் சொல்லிவிடுகிறேன். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டில் குடவோலை மட்டும் இல்லை; வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கு மட்டுமான சபை அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும், கிடங்கை நடத்துகிறவரும் அதிலிருந்து தரவு கேட்கிறவரும் ஒரே வட்டத்து ஆட்களாக இருக்கும் நம் அறிவியல் உலகத்துக்கு அந்த உறவினர் விதி நன்றாகவே பொருந்தும்.

யாருக்கு, எதற்காக, எந்தத் தரவு கொடுக்கப்பட்டது, அதில் என்ன கண்டுபிடித்தார்கள் என்ற பதிவேடு தமிழ் உள்பட மாநில மொழிகளில் பொதுவில் இருக்க வேண்டும். அடையாளம் கண்டுபிடிக்க முயல்வது ஒப்பந்த மீறல் என்பதோடு நிற்காமல் குற்றமாக வேண்டும். 17-ஆம் பிரிவில் ‘குறிப்பிட்ட ஒரு நபர்’ என்பதோடு ‘அல்லது ஒரு சமூகத்தார்’ என்று மூன்று சொல் சேர்த்தால், காப்பீட்டுக் கணக்கரின் குறுக்கு வழி பெரும்பாலும் அடைபடும். கிடங்கின் நிர்வாகம் கைமாறினால் என்ன என்பதையும் இப்போதே எழுதி வைக்க வேண்டும். 1.5 கோடி வாடிக்கையாளர்களின் மரபணுவை வைத்திருந்த ‘23 அண்ட் மீ’ 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது. அந்தத் தரவு யாருக்குப் போகும் என்பது ஏல விவகாரமாக முடிந்தது. அவர்கள் கையெழுத்துப் போட்டபோது யாரும் அதை நினைத்திருக்க மாட்டார்கள்.

இப்படி ஒரு சட்டம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாது. அதுவரை உங்களால் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. ஊருக்கு முகாம் வந்தால் ரத்தம் கொடுங்கள். கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். கையெழுத்துப் போடும் முன் விளக்கத் தாளைத் தமிழில் கேளுங்கள். மரபணு படிப்பார்களா, தரவை யாரிடம் வைப்பார்கள், பிற்பாடு வேறு ஆய்வுக்கும் கொடுப்பார்களா, வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது என்று கேளுங்கள். வீட்டில் அக்காவிடமும் தம்பியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொடுங்கள். மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நெறிமுறைப்படி, நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளின் ஒரு பிரதியை உங்களுக்குத் தர வேண்டும். கேட்டு வாங்கி, பட்டாவும் குடும்ப அட்டையும் வைத்திருக்கும் பெட்டியில் அதையும் வையுங்கள். நாளைக்கு ஒரு சட்டம் வந்தால், நீங்கள் அக்கறையுள்ள நபர் என்று காட்ட அந்தத் தாள்தான் சாட்சி.